யாக்கோபின் அம்மாவும் அந்த வீட்டில் இருந்தாள்

மைனி,

உங்கள் வேதப்புத்தகத்தைத் திறந்தால் இன்னும் தைல வாசம் அடிக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணன் அதை என்னிடம் கொடுத்தான். இப்போது என் மகன் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில், பிளாஸ்க்குக்கும் துண்டுக்கும் நடுவே பைக்குள் கிடக்கிறது. வரும் சனிக்கிழமை நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பாடம் எடுக்கிற முறை எனக்கு. எந்தப் பாடம் என்று நினைக்கிறீர்கள்? பேதுரு சிறையிலிருந்து விடுதலையான அதே அதிகாரம். ஆண்டவருக்கு என்னோடு விளையாட வேறு நேரமே கிடைக்கவில்லை.

பல வருஷம் முன்னால் இதே பாடம் உங்கள் முறைக்கு வந்தது. உங்கள் மகனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேறு யாராவது எடுக்கட்டும் என்று எல்லாரும் கெஞ்சினோம். "ஏன், எம்புள்ள போனா எனக்கு வாசிக்க மறந்து போச்சா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்து தயார் செய்தீர்கள். நான் சிறுகிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன்.

ஏரோது ராஜா இயேசுவின் சீஷன் யாக்கோபை வாளால் கொல்லுகிறான். ஜனங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று கண்டு பேதுருவையும் பிடித்து அடைக்கிறான். சபை ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறது. தூதன் வருகிறான், சங்கிலி கழல்கிறது, பேதுரு வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான். வழக்கமாக நாம் எல்லாரும் அந்தக் கதவில்தான் போய் நிற்போம். நீங்கள் யாக்கோபை விட்டு நகரவே இல்லை.

"ஏட்டி, யாக்கோபுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதிருக்கு. அவனுக்கும் ஒரு அம்ம உண்டுல்லா. அந்த வீட்டுல அவளும் உக்காந்து பேதுருவுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுதான இருந்திருப்பா?"

"அவளால எப்படி மைனி முடியும்?" என்றேன்.

"எங்க போவா? சொல்லு."

உரித்த கிழங்கையே மறுபடி உரித்தேன். முக்கூடல் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது லாரியில் மோதிய அந்த பைக்கை ஓட்டியவன் என் மகன். பின்னால் இருந்தவன் உங்கள் மகன். மச்சானும் மச்சானுமாக ஒரே வண்டியில் போனார்கள்; எனக்கு மட்டும் பிள்ளை திரும்பக் கிடைத்தான்.

அவன் பிழைத்ததற்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள்தான் விடவில்லை. "புள்ள எந்திரிச்சு நடமாடுதான். கூட்டம் வைக்கலன்னா உன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றீர்கள். வந்து, டீயும் மிக்சரும் எல்லாருக்கும் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். பார்த்தவர்களெல்லாம் வியந்தார்கள். எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

இப்போது அவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது மைனி. நீங்கள் இருந்தவரை ஒளித்துக் குடித்தான். நீங்கள் போன பிறகு ஒளிக்கவும் இல்லை. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீங்கிக் கிடக்கிறது. "இனி எங்க கையில இல்லம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐக்கியத்துப் பெண்கள் போன் மேல் போன் போட்டு, பேதுருவை விடுவித்தவர் இவனையும் விடுவிப்பார் என்கிறார்கள். ஒருதரம் விடுவித்தாரே, அது என்ன ஆயிற்று என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. சனிக்கிழமை அவர்கள் முன்னால் நின்று நான் எதைச் சொல்வேன்? தனியே ஜெபிக்க உட்கார்ந்தால்கூட ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை அவன் தலையில் கை வைத்தேன். அந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் நீங்கள் அவன் தலையில் கை வைத்துச் சொன்னதுதான் வாயில் வந்தது. "இவனையாவது எங்களுக்கு விட்டு வையும் ஆண்டவரே. இவனையாவது."

அவன் கண்ணைத் திறந்தான். "இது அத்த ஜெபம்லா" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அத்த என்னைய ஏசிருந்தா தாங்கியிருப்பேம்மா. இதத்தான் என்னால தாங்க முடியல."

இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் அவனை நாலு அறை அறைந்து, கட்டிப்பிடித்து அழுதிருப்பீர்கள்.

நான் கையை எடுக்கவில்லை மைனி. அவனுக்கு அது பாரம் என்று தெரிந்த பிறகும், சத்தம் வராமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் எனக்குத் தெரியாது.