காலிமனையில் குடியிருப்பவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் தெருவில் கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் கட்டப்போகிறார்களாம். நேற்று நகரசபையில் கருத்துக் கேட்டார்கள். வரைபடத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பச்சை அடித்து, ‘காலிமனை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் காலிமனையிலதான் சார் இன்னிக்குக் காலைல பல்லு தேச்சேன்!" என்று கத்திவிட்டேன்.

"அங்க குடியிருக்கறதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்றார் அதிகாரி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

வீட்டுக்காரர் எதையும் எழுதித் தருவதில்லை. பெட்டியைக் குடைந்து உங்கள் கடித உறைகளைத் தேடினேன். ஒன்றரை வருஷத்தில் இரண்டே இரண்டு! அடுத்த கூட்டம்வரை வாரம் ஒன்று போடுங்கள். எழுத ஒன்றுமில்லையென்றால் வெறும் தாளை வைத்து ஒட்டுங்கள். உறைமேல் என் பெயரும் கதவு எண்ணும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். அத்தனையையும் அந்த ஆள் மேஜையில் கொட்டப்போகிறேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்