கவர்னர் நாற்காலி

ஜனவரி 20, செவ்வாய்

இன்று நான் கோவாவின் போர்ச்சுக்கீசிய கவர்னர்! எம்.ஏ. வரலாற்று வகுப்பில் இன்பராஜ் சார் எங்களை 1961-க்கு அனுப்பிவிட்டார். சுற்றிலும் பெரிய இந்தியா, ஓரத்தில் துளியூண்டு கோவா. ஆபத்து எங்கிருந்து வரும், தாக்குப்பிடிக்க முடியுமா என்று கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும். விஷ்ணு ராணுவத் தளபதி. "வர்றவன எல்லாம் சுடு" என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் ஆம்பூர்க்காரியாக யோசித்தேன். பெரிய ஷூ கம்பெனி தரும் வேலையை நம்பி, பக்கத்திலேயே சின்ன ஜாப் ஒர்க் யூனிட் போட்டவன் கதைதான் இது. அடிக்கவே வேண்டாம், ஆர்டரை நிறுத்தினால் போதும். இந்தியா ரயிலை நிறுத்திவிட்டது, வியாபாரத்தையும் நிறுத்திவிட்டது. எங்களுக்கு உதவி கடல் தாண்டி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே இருக்கும் ஜனங்களுக்கே எங்களைப் பிடிக்கவில்லை. வீறாப்பாக ஆரம்பித்த நான், சரணடைவதே சரி என்று முடித்தேன். சார் கைதட்டினார்.

ஜனவரி 22, வியாழன்

நான் பேசியதை விஷ்ணு வீடியோ எடுத்துப் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். ஆரம்பம் மட்டும். "இந்தியாதான் நம் எதிரி. ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம்." கவர்னர் என்றும் இல்லை, கோவா என்றும் இல்லை. புர்காவில் நான், அவ்வளவுதான். யாரோ அதை எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 23

அப்பாவுக்கு கம்பெனியில் சூப்பர்வைசரே காட்டினாராம். "ஸாரின்னு ஒரு வீடியோ போட்டுடும்மா. அதுல இன்னா போய்டுச்சு? பேஜார் முடிஞ்சிரும்" என்கிறார் அப்பா. எதற்கு ஸாரி? சரணடைவதில் முடியும் முழு வீடியோவையும் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார் சார். ஏன், கடைசிவரை சண்டை போடுவேன் என்று பேசியிருந்தால் நான் கெட்டவளா? விஷ்ணு மாதிரி எனக்கு நடிக்கக்கூட உரிமை இல்லையா? போங்கடா!

ஜனவரி 26

வருடா வருடம் அப்பா சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொள்வார். இந்த வருடம் வாசலில் பெரிதாக ஒன்று கட்டினார். கட்டிவிட்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பிரின்சிபால் கூப்பிட்டார். மன்னிப்பு வீடியோ, இல்லையென்றால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் வெளியே நின்றிருந்த விஷ்ணு உள்ளே வந்துவிட்டான். "நான்தான் சார் தளபதி. இந்திய சோல்ஜர் வந்தா சுடுன்னு சொன்னது நானு. என்னை ஏன் சார் யாரும் ஸாரி கேக்கச் சொல்லல? ரெண்டு பேரையும் நிக்க வெச்சு எடுங்க."

பிரின்சிபால் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கிளாஸுக்குப் போங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். "அந்தப் பையன ஒருநாள் சாப்ட கூப்புடும்மா" என்றார் அப்பா.

ஜனவரி 31

ஹால் டிக்கெட் வந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று ஹாங்காங், பக்கத்தில் சீனா. சார் யாருக்கு என்ன வேடம் என்று படித்தார். எனக்குக் குறிப்பெடுக்கும் வேலை. என்னைப் பார்க்காமலே சொன்னார். பாவம், என் நல்லதுக்குத்தான்.

"கவர்னர் நான்தான் சார்" என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

போய் உட்கார்ந்தேன். நான் பேச ஆரம்பிக்கும்போது, முதல் பெஞ்ச் ஹரிணி எழுந்துபோய், வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வகுப்புக் கதவைச் சாத்தினாள். யாரும் அவளைச் சாத்தச் சொல்லவில்லை.