பின்பக்கக் குழாய்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே. போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உன் ரேடியோ நிகழ்ச்சியை வழக்கம்போல் எங்கள் சலவைக் கடையில் சத்தமாக வைத்திருந்தோம். நீர்நிலைகளைப் பற்றிப் பேசினாய். நடுவில் தண்ணீர் கொட்டும் சத்தம் ஒன்று வந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "இது நம்ம குழாய் இல்ல?" என்றார். இரண்டாவது மெஷின் தண்ணீரை விடும்போது நம் குழாய் ஒருமுறை விக்கும். ரேடியோவிலும் அது விக்கியது.

அப்புறம் நீ சொன்னாய்: நீலக் கதவு, மொட்டைமாடி முழுக்கக் காயும் ஆஸ்பத்திரி விரிப்புகள், முன்பக்கம் அருமையான உபசாரம், பின்பக்கம் நுரை மூடிச் செத்துக் கிடக்கும் ஓடை. போன மாதம் வந்தபோது, போன் வருகிறது என்று பின்கட்டுக்குப் போனாயே, அப்போது பதிவு செய்தாயா?

நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து குடித்தாய். இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டாய். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, "ஏண்டி, இந்த நுரையை என்ன பண்ணப்போற?" என்று.

பள்ளிக்கூடத்தில் குள்ளமாக இருந்ததால் பொடி என்று பேர் வைத்தாய். இப்போது சலவைப் பொடியாலேயே ஊருக்குத் தெரிந்தவளாகிவிட்டேன்.

உன்,
பொடி


மார்ச் 11

என் பொடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ வருத்தப்பட்டிருக்கிறாய். அதற்கு வருந்துகிறேன். ஆனால் நான் உன் பெயரைச் சொல்லவில்லை, தெருவைச் சொல்லவில்லை. நீலக் கதவு எத்தனையோ வீட்டில் இருக்கிறது.

அந்த ஓடையில் தவளைச் சத்தம் பதிவு செய்யத்தான் போனேன். ஒன்றுகூட இல்லை. குழாய்ச் சத்தம் மட்டும்தான் இருந்தது. இதைச் சொல்வது என் வேலை. தோழி வீடு என்பதற்காக விட்டுவிட்டால், மற்றவர்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

நிறையப் பேருக்கு அந்தப் பகுதி பிடித்திருக்கிறது. மறுஒலிபரப்பு செய்கிறார்கள். பள்ளிகளுக்கும் அனுப்புகிறார்கள். நீ பெருமைப்படத்தான் வேண்டும்.

வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு முத்தம்.

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

பள்ளிகளுக்கு அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது.

குட்டியின் அறிவியல் டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறார். முடிந்ததும், "இந்த மாதிரி ஒரு கடையை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். பின்வரிசையில் ஒருத்தன் மூக்கைப் பொத்திக்காட்ட, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கேட்டால், "அது நம்ம கடைன்னு தெரியாத மாதிரி நானும் சிரிச்சேம்மா" என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவைப் பார்த்து வெட்கம், தன்னைப் பார்த்தும் வெட்கம்.

நுரை எங்களுடையதுதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. நாற்றம் ஏறும் நாளில் பின்ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்ப்பேன். சாத்துகிற கைக்குத் தெரியாதா, எதற்குச் சாத்துகிறோம் என்று? நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஆனால் நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜன்னலைத் திறந்திருப்பேன்.

ஓடைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டோம். பின்னால் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டுத் தண்ணீரை அதில் விடுகிறோம். பொடியையும் மாற்றிவிட்டேன். வெள்ளை முன்போல வரவில்லை. ஓட்டல்காரர் விரிப்பைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ரேடியோ இப்போது கடையில் பாடுவதில்லை.

பொடி


ஏப்ரல் 9

பொடி,

நீ குழாயை அடைத்ததைப் படித்துத் துள்ளிக் குதித்தேன். நிலைய இயக்குநரிடமும் சொன்னேன். "அவங்களையே கூட்டிட்டு வாங்க, திருந்தின கதையைச் சொல்லட்டும்" என்றார். நீ வந்து பேசு. குட்டியும் வரட்டும், வகுப்பில் நடந்ததைச் சொல்லட்டும். கேட்கிறவர்கள் உருகிவிடுவார்கள். உன்மேல் விழுந்த கெட்ட பேரும் போய்விடும்.

என்றைக்கு வசதி என்று உடனே எழுது.

வாயாடி


மே 20

பொடிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதது நியாயம்தான்.

போன கடிதத்தின் நகல் கணினியில் இருந்தது. நேற்று படித்தேன். குழந்தை வெட்கப்பட்டதை ரேடியோவில் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. நல்ல நிகழ்ச்சி கிடைத்தது என்றுதான் தோன்றியது. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் பின்கட்டிலிருந்து திரும்பியபோது சொல்லத்தான் வந்தேன். நீ டீயை நீட்டினாய். வாய் வரவில்லை. சர்க்கரை கேட்டேன். மைக் முன்னால் உட்கார்ந்ததும் தடையில்லாமல் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்வது எனக்குச் சுலபம், ஒருத்தி முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முடியவில்லை. இதற்குப் போய்த் துணிச்சல் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தெருவுக்கு வந்தேன். எதிர்ப்பக்க மருந்துக்கடை நிழலில் நின்றேன். நீ விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாய். கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டதும், தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பகுதியை இனி ஒலிபரப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிகளுக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது என்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

வாயாடி


ஜூன் 4

வாயாடிக்கு,

நீ நின்றதைக் குட்டி மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். "உன் ஃப்ரெண்டு வந்துட்டு அப்படியே போயிட்டாங்க" என்றாள். ஓடிவந்து கூப்பிடலாமா என்று நினைத்தேன். கை விரிப்பை விடவில்லை. அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

வேறொரு விஷயம். போன வாரம் விடாமல் மழை. குழி நிரம்பி வழிந்து, தண்ணீர் நேராக ஓடைக்கே போய்விட்டது. மறுபடியும் நுரை. மெஷினை நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் வாளியில் அள்ளி அள்ளிக் கடைக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றினோம். ஒன்றும் பலிக்கவில்லை. திருந்திவிட்டார்கள் என்று தெருவே இப்போதுதான் முகம் கொடுத்துப் பேசுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

குழியில் என்ன தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெரிய மழை வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். உன் நிகழ்ச்சிக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். இந்த வேலை தெரிந்தவர் ஒருத்தரைக் கேட்டு அழைத்துக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது, குழியை நன்றாகப் பார்க்கலாம்.

குட்டி உன்னோடு பேசமாட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளைக்கு அதை நீ தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் பேசுவேன்.

பொடி