பாலாடை யாருக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். அப்பாவுக்குக் கிடங்கில் ஓய்வே இல்லை. நான் பள்ளியை விட்டு நின்றது ஒரு விதத்தில் நல்லதுதான். அங்கே தாழ்வாரத்தில் தடுமாறி விழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், இப்போது அது இல்லை. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித்தான் நடக்கிறேன். அம்மா, "சாப்பிட்டாத்தானேடி கண்ணு தெரியும், குச்சி!" என்று இன்னொரு கரண்டி வெண்ணெய் வைக்கிறாள். சாப்பிட்டதும் வயிற்றைக் கலக்கிவிடும். சொன்னால் அவள் முகம் வாடிவிடுமே என்று விழுங்கிவிடுகிறேன்.

நீ எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று? அலுப்பாக இருக்கிறது அக்கா.

உன் தங்கை

மார்ச் 2

என் குச்சிக்கு,

முடிவு வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு முறை பார்த்தோம்.

நாம் தின்னும் கொழுப்பைக் குடலில் உள்ள செல்கள் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகின்றன. பொட்டலத்தைத் தாங்கும் சட்டகம் ஒரு நீளமான புரதம். அது உருவாகும்போதே கூட நின்று, கொழுப்பை எடுத்து அதன்மேல் ஏற்றிவிட இன்னொரு புரதம் வேண்டும். உனக்கு அந்த ஏற்றுகிற புரதம் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அதனால் பொட்டலமே உருவாவதில்லை. கொழுப்பு செல்லுக்குள் தேங்கிவிடுகிறது. கண்ணுக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின்களும் அந்தப் பொட்டலத்தில்தான் ஏறிப் போக வேண்டும்.

வெண்ணெயை உடனே நிறுத்து. டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டால் இதற்கு மேல் மோசமாகாமல் தடுக்கலாம். உன்மேல் தப்பில்லை, அம்மாமேலும் இல்லை. அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் படித்த திமிர் என்பாள்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்ல வாய் வரவில்லை. உன் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "லோடுமேன் வரலைன்னா லாரி காலியா நிக்கும், மூட்டை உள்ளயே குமியும். அவ்வளவுதானே?" என்றார்.

அம்மா, "அப்ப இத்தனை வருஷமா நான் ஊட்டினதெல்லாம்?" என்றாள்.

மறுவேளையும் தட்டில் வெண்ணெய் இருந்தது. முதல் தடவையாகத் தட்டைத் தள்ளிவிட்டேன். "வேணாம்மா." அதன்பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை.

இன்று காலை பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை ஒட்ட வழித்தெடுத்துவிட்டு எனக்கு ஊற்றினாள். மாத்திரையையும் பக்கத்தில் வைத்தாள். வழித்த ஆடையைக் கரண்டியில் ஏந்தியபடி அடுப்பருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "வீணாப் போகக் கூடாதுல்ல" என்றாள்.

என் கண் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை தொண்டையில் நிற்கிறது. அது என் பாடு. ஆனால் அம்மாவுக்கு யாருக்காவது ஊட்ட வேண்டும் அக்கா. இனி விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். லீவு கிடைத்தால் வந்து அந்த ஆடையைத் தின்றுவிட்டுப் போ.

குச்சி