கிழிஞ்சது பெட்டி இல்ல

நீயே சொல்லு, அதைப் பாட்டுன்னு நான் எந்த வாயால வெளியில சொல்றது? பாரு, கோவத்துல உன்னை நலம் விசாரிக்கவே மறந்துட்டேன். அத்தை நல்லாருக்கேன், உங்கப்பா நல்லாருக்கார், சாமி புண்ணியத்துல வீட்டுக் கூரை இன்னும் தலைக்கு மேலதான் இருக்கு, நீ அனுப்புன சிடியால அது இடியாம இருந்தா சரி. நீ வேளைக்குச் சாப்பிடுறியா, தூங்குறியா, இல்ல அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடக்கிறியா?

பார்சல் வந்ததும் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் பிரிச்சேன், என் புத்தியைச் சொல்லணும். அட்டையில உன் மூஞ்சி, அது மேல யாரோ மையைக் கொட்டின மாதிரி. தாயில்லாப் பிள்ளைன்னு அந்த மூஞ்சியைத் தினமும் தேய்ச்சுக் கழுவி, பவுடர் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புனவ நான். எந்தக் கம்பெனியும் இல்லாம நீயே போட்ட ஆல்பமாம், சுதந்திரமாம். யாரும் வாங்கிக்கலைன்னா அதுக்குப் பேரு சுதந்திரமாடா? உள்ள இருந்த காகிதத்துல யார் யாருக்கோ நன்றி, நீ இருக்கிற மாடி வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி, உங்கப்பா பேரைத் தேடி என் கண்ணு பூத்துப்போச்சு. சரின்னு நம்ம பழைய பாட்டுப் பெட்டியில போட்டோம். உங்கப்பா சத்தத்தை முழுசாத் திருகி வெச்சார். மிக்சிக்குள்ள கரண்டி விழுந்த மாதிரி ஒண்ணு, தகரக் கதவை ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி இன்னொண்ணு, நடுவுல நீ வாய் நிறைய சோத்தை வெச்சுக்கிட்டு யாரையோ திட்டுற. அலமாரியில டம்ளரெல்லாம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்து வீட்டுத் தையல்காரப் பொண்ணு ஓடி வந்து, இது ராப்பு அத்தை, வேகமாப் பேசுறதுன்னா. வேகமாப் பேசுறதுக்கெல்லாம் சிடி போடுவாங்கன்னா நான் இதுக்குள்ள எத்தனை போட்டிருக்கணும்னு கேட்டேன்.

நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ஐயோ கிழியுதே, பெட்டி போச்சேன்னு உங்கப்பாவைப் பாத்துக் கத்திட்டேன். உங்கப்பா உடனே அதைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு ரிப்பேர் கடைக்குக் கிளம்பிட்டார், நானும் பின்னாடியே போனேன். கடைக்காரர் உள்ள இருந்த ஸ்பீக்கரை மாத்திக் குடுத்தார், வீட்டுக்கு வந்து போட்டா மறுபடி அதே கொறகொறப்பு. திரும்பப் போய் உங்கப்பா சண்டை போடுறார், என் பையன் குரல் கிழியாது, உன் வேலைதான் கிழிஞ்சிருக்குன்னு. கடைத்தெருவே வேடிக்கை பாக்குது, எனக்கு மானம் போகுது. அந்த மனுஷன் பொறுமையா நான் கையோட கொண்டுபோன பக்திப் பாட்டு சிடியை வாங்கிப் போட்டார், கண்ணாடி மாதிரி பாடுச்சு. அப்புறம் உன்னுதைப் போட்டார், கிழிஞ்சுது. இது வேணும்னே இப்படிப் பண்ணினது, இந்தக் காலத்துப் பசங்க இதுக்குன்னே மெனக்கெடுறாங்கன்னு கைஜாடையோட விளக்கினார். உங்கப்பா, வேணும்னேதான் கிழிச்சானா, அப்ப சரின்னு சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்துட்டார். அன்னிலேர்ந்து வேலை விட்டு வந்ததும் அதுதான். தரையில உக்காந்து, பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு. நாள் முழுக்கப் பட்டறையில தகடு அடிக்கிற மிஷினோட நின்னது போதாதுன்னு வீட்லயும் ஒரு பட்டறை. மேல்வீட்டு நர்ஸம்மா வந்து சண்டை போட்டுட்டுப் போயிட்டா. என் ஜெபம் என் காதுக்கே விழல, சாமிக்கு எங்க விழுந்திருக்கப் போகுது.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன்டா. அவர் வேலைக்குப் போன நேரமாப் பாத்து, அந்தக் காகிதத்துல என் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்துல இருந்த பாட்டு வரியெல்லாம் தையல்காரப் பொண்ணைப் படிக்கச் சொன்னேன். போனை எடுப்பான், கைமாத்துவான் கிழவன், என் பேரு அவன் நாக்குல முள்ளு, இப்படிப் போகுது உன் பாட்டு. படிச்சுட்டு அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கிழவனா? உனக்கு அவர் கிழவனா? ஊரே கேக்கணும்னு பாடுற, அதையும் ஒருத்தருக்கும் புரியாம சத்தத்துல புதைச்சு வெச்சிருக்க. துணிச்சல் இருந்தா தெளிவாச் சொல்லு, இல்லாட்டி வாயை மூடு. ஒளிஞ்சுக்கிட்டுக் கல்லெறியுற பய வேலைக்குக் கலைன்னு பேரு வேற. அப்பா போன்ல ஒரு வார்த்தை பேசுற வரைக்கும் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்னு போன கடுதாசியில எழுதியிருந்தியே, நீ போன் பண்ணா அவர் ஏன் அதை எடுத்த கையோட என்கிட்ட நீட்டுறார்னு எனக்குத் தெரியும். வெளியில சொல்ல மாட்டேன்னு சாமி படத்து மேல கை வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கியிருக்கார், அதனால சொல்லல. ஆனா நீ நினைக்கிற காரணம் இல்ல, அதை மட்டும் தெரிஞ்சுக்கோ.

விஷயம் என்னன்னா, சிடியோட நீ வெச்சு அனுப்புன கச்சேரி நோட்டீஸை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டார், பட்டறையில லீவும் சொல்லிட்டார். சனிக்கிழமை காலை ரயில்ல அங்க வந்து இறங்குறார். உன்கிட்ட சொல்லாதேன்னார், அதுக்கு சத்தியம் வாங்கல, அதான் எழுதுறேன். ரயிலடிக்கு நீயே போ, கூட்டாளிங்களை அனுப்பாதே. அவர் எதிர்ல உக்காந்திருக்கிறப்ப அந்த வரியைப் பாடித் தொலைக்காதே. பாடினேன்னு தெரிஞ்சுது, எனக்கு நீ இல்ல, உனக்கு நான் இல்ல. நல்லாரு, உடம்பைப் பாத்துக்கோ, தலைக்கு எண்ணெய் வெய்யி, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சாமியை நினை. அந்த மாடி வீட்டுப் பூனை மேலயாவது பாசம் வெச்சிருக்கியே, அதுக்காகவாவது கடவுள் உன்னைக் கைவிட மாட்டார்.

உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு இன்னிக்கும் உன் சட்டையை மடிச்சு வெச்சிருக்கிற,
அத்தை

ஒட்டுறதுக்கு முன்னாடிதான் ஞாபகம் வந்துச்சு. ரயிலடியில பின்னாடி நின்னு அப்பான்னு கூப்பிடாதே, அவர் பாட்டுக்குப் போயிட்டே இருப்பார், மூஞ்சிக்கு நேரா வந்து நில்லு, வாயசைவைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவார். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மிஷினை விட்டு எறக்கிடுவான்னு மறைச்சு வெச்சிருக்கார், ரெண்டு காதும் போய் நாலு வருஷமாச்சு.