தானே கழலாத ஒயர்

மட்டாஞ்சேரி,
கன்னி (புரட்டாசி) 14.

சௌபாக்கியவதி அம்ருதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சுதர்ஷனும் டப்ளினில் சுகமாக இருக்க எர்ணாகுளத்தப்பனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், மெதுவாகப் படி, ஆனால் முழுக்கப் படி.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆவணி ஆரம்பத்தில் ஒரு நாள் காலையில் கிளம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி, அதோடு நின்றுவிடுகிறது. அப்பா அதில்தான் வக்கீல் அனுப்பும் தமிழ்ப் பத்திரங்களை எல்லாம் மலையாளத்தில் எழுதிக் கொடுக்கிறார், ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு அதுதானே உயிர். தோப்பும்படியில் கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபுவைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு நாள் கழித்து வந்து பெட்டியைத் திறந்து, மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினான், அப்போதும் அதே வரி. பிறகு ஒரு சிவப்பு ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டிஸ்க்கில் இருந்து இது கழன்று கிடக்கிறது, மேஜையை நகர்த்திப் பெருக்கினீர்களா என்று கேட்டான். பெருக்கினது வாஸ்தவம்தான். அழுத்தி மாட்டினதும் கிளம்பிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, அப்பா முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை.

நாலாம் நாள் மறுபடியும் அதே கறுப்புத் திரை, அதே ஒயர். அடுத்த வாரம் இன்னொரு தடவை. எனக்கு ரமேஷ்பாபுவின் மேல்தான் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே லூசாக மாட்டிவிட்டுப் போகிறான், திரும்பத் திரும்பக் கூப்பிடட்டும் என்று. மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதே எனக்கு, முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவன் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக முறுக்கினான். பிறகு, "சேச்சி, இந்த ஒயர் தானே கழலாது. யாரோ உருவுறாங்க. நான் மூடி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போறேன், அடுத்த தடவை கெட்டா மொதல்ல அதப் பாருங்க, அப்புறம் என்னத் திட்டுங்க" என்று சொல்லி, நான் வைத்த சாயாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. ஸ்டிக்கர் நடுவில் கிழிந்திருந்தது. வீட்டில் இருப்பது நானும் உன் அப்பாவும் மட்டும்.

அதற்கப்புறம் எனக்கு ராத்தூக்கம் போயிற்று. யோசிக்க யோசிக்க எல்லாமே தப்பாகப் பட்டது. கொஞ்ச நாளாகவே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து மிரட்டுகிறார்களாமே, அப்படி யாரிடமாவது மாட்டிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கவே பயப்படுகிறாரோ என்று நினைத்தேன். ஸ்கூட்டரின் இடது கண்ணாடி உடைந்திருந்தது, கேட்டால் மார்க்கெட்டில் எவனோ தட்டிவிட்டான் என்றார். தினமும் காலையில் பேப்பரை என் கையில் கொடுத்து, நீ வாசித்துக் கேட்டால் நன்னா இருக்கு கமலம் என்கிறார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்! அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம். கிழிந்த ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டதற்கு எலியாக இருக்கும் என்றார். எலி ஸ்குரூவைக் கழற்றுமா?

இந்த நேரத்தில் அழகர் என்று ஒருவர் வந்து நின்றார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், களமசேரியில் கொத்தனார் வேலை. அவருடைய மச்சினன் ஓட்டின லாரி எதன் மேலோ மோதி, அவனை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். ஜாமீனுக்கு இவர் ஊர் நிலத்தின் பத்திரத்தைக் காட்ட வேண்டும், அதை மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரும்படி வக்கீல் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பத்திரம் அப்பாவிடம். "சாரே, புள்ள உள்ள கெடக்கான், தங்கச்சி சோறு திங்க மாட்டேங்குறா" என்று அவர் வாசலிலேயே நின்று சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு, கம்ப்யூட்டர் கேடாயிருக்கே, நான் என்ன செய்வேன் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையால் எழுதுங்கோ, நான் பேனா தருகிறேன் என்று பத்திரத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எதற்காக இத்தனை நாள் தள்ளிப்போடுகிறார் என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று பின்னாலேயே நின்றேன்.

அவர் காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். பிறகு கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். கிரயம் பெறுபவர் இன்னார், ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, கிழக்கே வண்டிப்பாதைக்கு மேற்கு... தடங்கலே இல்லை. அழகர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டவர் மெதுவாக, "சாரே, கெழக்க பாத இல்ல, ஓடை. எங்க அய்யா பேரும் அது இல்ல" என்றார். நான் குனிந்து காகிதத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது வேறு, அப்பா சொன்னது வேறு. ஆயிரம் பத்திரம் பார்த்த மனுஷன் அல்லவா, எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தில் இருந்த ஒரு எழுத்துகூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை அம்ருதா.

அழகர்தான் முதலில் சுதாரித்து, நான் நாளைக்கு வாரேன் சார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "மொதல் தடவை ஒயர் தானாத்தான் கழண்டுது கமலம். அந்த ரெண்டு நாளும் யாருக்கும் ஒண்ணும் வாசிச்சுக் காட்ட வேண்டாம்னு எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துது." முந்தின மாசம் ஒரு சர்வே நம்பரில் எட்டை மூன்று என்று அடித்துவிட்டாராம், வக்கீல் ஷங்கர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாராம். அதற்கப்புறம் கை வரவில்லை. கண் போய்விட்டது என்று சொல்வதைவிட மெஷின் போய்விட்டது என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. நான் என்னென்னவோ நினைத்தேன், இதை மட்டும் நினைக்கவில்லை. அப்புறம் நன்றாகத் திட்டினேன்.

மறுநாள் எர்ணாகுளத்தில் காட்டினோம். வலது கண்ணில் புரை, துலாம் (ஐப்பசி) ஆறாம் தேதி ஆபரேஷன், தெளிந்துவிடும் என்கிறார்கள். இடது கண்ணில் உள்ளே பிரஷர் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, அதில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காக்கச் சொட்டு மருந்து. இந்தக் கண்ணோடு பாலத்தின் மேல் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறார். சாவியை நான் எடுத்து வைத்துவிட்டேன், எங்கே என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன், நீ அவர் பெண். அழகரின் பத்திரத்தை நான் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, அவர் மலையாளத்தில் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டி இரண்டு நாளில் முடித்தோம். போன வியாழக்கிழமை ஜாமீன் கிடைத்துவிட்டது. ரமேஷ்பாபுவின் கடைக்கே போய் என் தப்பைச் சொல்லிவிட்டு வந்தேன், அவன் சிரித்துவிட்டான். அப்பா மருந்து விட்டுக்கொண்டேன் என்று சொன்னாலும் நான் கன்னம் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இனிமேல் அவர் சொல்வது எதையும் அப்படியே நம்புவதாக இல்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், நீ லீவு போட்டு ஓடி வருவாயாம். ஓடி வர வேண்டாம், ஆபரேஷன் சின்னதுதான், நான் இருக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு இந்தப் பிரஷர் இருந்தால் பிள்ளைகளும் கண்ணைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இந்த மாசமே கண் பிரஷர் பார்த்து ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. என் மனமார்ந்த ஆசீர்வாதம் உங்கள் இருவருக்கும், தீர்க்காயுசாக இருங்கள்.

இன்னொன்று. ஓணத்துக்கு நீ புதுப் புடவை கட்டிக்கொண்டு வீடியோவில் நின்று, எப்படி இருக்கு அப்பா என்று கேட்டாய். நிறம் உனக்கு நன்னா எடுக்கிறது என்றார். போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டார், என்ன நிறம் என்று. நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து மயில் பச்சை என்றேன். இனிமேல் எதைக் காட்டினாலும், அது என்ன, என்ன நிறம் என்று நீயே முதலில் சொல்லிவிடு.

உன் அம்மா,
கமலாக்ஷி விஸ்வநாத்