அமாவாசை இலைக்கு அழைக்கும் பேச்சு

அக்கா,

தலைவாழை இலையைக் கழுவி உதறியதும் அந்தப் பச்சை வாசம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. இன்று தை அமாவாசை. போன வருஷம் வரைக்கும் படையல் முன்னால் நின்று, வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, செத்துப்போன நம் பெரியவர்களைச் சாப்பிட அழைத்தது நீதான். நம் வீட்டுக் கன்னடத்தில் அழைத்தால்தான் வருவார்கள், தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பாய். இன்று உனக்கே இலை போட்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் தாலியை இழந்து நல்லூரில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பனியன் கம்பெனிக்குத் துணியில் நூல் பிசிறு வெட்டப் போனேன். என் மகளை வளர்த்தது நீ. ஒன்றாம் வகுப்பில் அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இனி அவளிடம் நம் பேச்சே பேசக்கூடாது என்று உன்மேல் பாய்ந்தேன். அதையும் நம் பேச்சில்தான் சொன்னேன், பாவி. நீ சரி என்று மட்டும் சொன்னாய். அதற்கப்புறம் அவளிடம் உனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் நாலு வார்த்தைதான். கதை சொல்வதையே விட்டுவிட்டாய். நாமும் அவள் காதுபட நம் பேச்சைப் பேசவில்லை, அவளுக்கு அது மறந்தே போயிற்று.

பக்கவாதம் வந்து படுத்தபோது அந்தத் தமிழும் உன்னைவிட்டுப் போயிற்று, நம் கன்னடம் மட்டும் மிஞ்சியது. கடைசி நாளன்று, சரக்கு அவசரம் என்று கம்பெனியில் லீவு தரவில்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் உன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பெரீம்மா சாயங்காலம் வரைக்கும் என்னமோ கேட்டுட்டே இருந்தாங்க. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னு தலையாட்டுனாங்க. எனக்கு ஒண்ணுமே புரியலீங்கம்மா."

என்ன கேட்டாய் அக்கா? இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று நான் கூப்பிட்டேன். "பா அக்கா, உண்ணு பா." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மகள் சாம்பிராணியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"என்னங்கம்மா சொன்னீங்க?"

"பெரீம்மாவச் சாப்புட வரச் சொன்னேன் கண்ணு."

"தமிழ்ல கூப்புட்டா வரமாட்டாங்களா?"

நான் இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தேன். நம் பேச்சு முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பேச ஆள் இல்லை. ஒருநாள் எனக்கும் அவள் இலை போடுவாள், தமிழில் கூப்பிடுவாள். நீ சொன்னது நிஜமென்றால், நான் வாசலிலேயே பசியோடு நிற்பேன். எனக்கு அது வேண்டியதுதான் அக்கா.